உளவாளி பாடிக்கொண்டு வந்தான்

போன சனிக்கிழமை குருநகரில் ஒரு மந்திரி, மனைவிக்குப் பயந்து ஒரு நாட்டைக் காப்பாற்றினார். நான் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்தபடி நின்றேன்.

ஆறு கிழமையாக, வாரம் ஒரு பாகமாக டி.வி.யில் போன அந்த ஆங்கில உளவுச் சீரியலைப் பார்த்திருப்பீர்கள். அன்ரெனாவைத் திருப்பித் திருப்பிக் கை நொந்தவர்களில் நானும் ஒருவன். மந்திரியின் அந்தரங்கச் செயலாளர்தான் பகை நாட்டு உளவாளி. அது கடைசிப் பாகத்தில்தான் தெரியவரும். அதே கதையை அமெரிக்காவிலும் எடுக்கிறார்களாம் — லண்டனிலிருந்து மைத்துனன் எழுதியிருந்தான். அங்கே மந்திரி தேநீருக்குப் பதிலாகக் கோப்பி குடிப்பாராம். அவ்வளவுதான் வித்தியாசமாம்!

சரி... நாங்கள் மட்டும் குறைந்தவர்களா? குருநகர்த் தேவாலயப் பெருநாளுக்கு அதைக் கூத்தாக எழுதிக் கொடுத்தேன். எழுதிவிட்டுச் சும்மா இருந்தேனா? கடைசிக் காட்சிக்கு முன் உளவாளியை ஒருவர் கண்டுபிடித்தாலும் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று இதே பத்திரிகைப் பத்தியில் சவால் வேறு விட்டேன்.

ஒத்திகையில் வந்தது வில்லங்கம். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கேட்டார்:

"உளவாளிக்கு வரவுப் பாட்டு எங்கை?"

கூத்தில் யார் மேடையேறினாலும் தான் யாரென்று பாடி ஆடித்தான் வரவேண்டும். அரசனுக்கும் அதுதான், கள்ளனுக்கும் அதுதான்.

"அண்ணாவியார், அவன் ஆரெண்டு சொன்னால் கதையே முடிஞ்சுது!"

"சொல்லாமல் ஏறினால் திரை இழுக்க வந்தவன் எண்டெல்லோ சனம் நினைக்கும்? வரவு இல்லாட்டிக் கூத்து இல்லை. நான் போட்டு வாறன்."

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் காலில் விழாத குறை. கடைசியில் மனிதர் ஒருபடி இறங்கி வந்தார். "சரி, உங்களுக்காக... மெதுவாப் பாடச் சொல்லுறன்."

மெதுவாகவா? மைக்கைக் கண்டதும் உளவாளிக்கு உரு வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி, நீளக் கோட்டு, காலில் சதங்கை!

"மாற்றார் அனுப்பிய ஒற்றன் வந்தேனே — ஒரு
மனுசரும் அறியாமல் ஒளித்து வந்தேனே!"

பிற்பாட்டுக்காரர் வேறு அதையே திருப்பித் திருப்பிப் பாடினார்கள், மத்தளத்தோடு.

மந்திரியாக நடித்த மரியதாஸ் கடலுக்குப் போகிற மனிதர். இவ்வளவும் நடக்கும்போது அவர் மேடையில்தான் இருந்தார். பாட்டு முடிந்ததும் உளவாளி கைகட்டி, "ஐயா, நான் உங்கள் புதுச் செயலாளர்" என்றான். மரியதாஸ் எழுதிக் கொடுத்தபடியே, "நல்லது. இந்தா, இரகசிய அலுமாரித் திறப்பு" என்று சாவியை நீட்டினார்.

சனம் கொதித்தது. "குடுக்காதை! குடுக்காதை!" முன்வரிசையில் மரியதாஸின் மனைவி ரீற்றா எழும்பியே விட்டார்.

"இஞ்சாருங்கோ! உங்களுக்குக் காது செவிடே? உவன் இப்பதானே பாடினவன்! ஊர்ச் சனமெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது!"

பாவம் மனிதன். ஒரு பக்கம் என் வசனம், மறுபக்கம் நாளைக்கு வீட்டில் சோறு. திரை இடுக்கால் என்னைப் பார்த்தார். கெடுத்துவிடாதே ராசா என்று கும்பிட்டேன். ரீற்றாவைப் பார்த்தார். அடுத்த கணம் உளவாளியின் கழுத்துப்பட்டி அவர் கையில்!

"அடேய்! என்னைப் பேயனெண்டே நினைச்சனீ?"

"அண்ணை, விடுங்கோ... இன்னும் அஞ்சு சீன் கிடக்கு!"

யார் கேட்டார்கள்? கைதட்டல் கடற்கரை ஜெற்றி வரை கேட்டிருக்கும். அண்ணாவியார் அந்த ஆரவாரத்திலேயே மங்களம் பாடி முடித்தார். ஊரடங்குக்குப் பயந்து பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கிய கூத்து, வெயில் இறங்கமுன் முடிந்தது. என் மானம் கப்பலேறியது. சவாலா? ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே... அவனே அல்லவா சொன்னான்! அதனால் தொடர்ந்து எழுதுகிறேன்.

அழாக்குறையாக நின்ற என்னிடம் அண்ணாவியார் வந்தார்.

"என்ன ஐயா, முகம் தொங்குது? வெள்ளைக்காரன் ஆறு கிழமை மினக்கெட்டுப் பிடிச்சதை எங்கடை ஆள் அரை மணித்தியாலத்திலை பிடிச்சிட்டான்!"

எனக்குப் பொல்லாத கோபம். வீட்டுக்கு வந்து யோசித்தால், மனிதர் சொன்னதில் என்ன பிழை? உளவாளி மத்தளம் அடித்து, பாடிக்கொண்டே வந்தாலும் மந்திரிமாருக்குக் கேட்பதில்லை — எந்த நாட்டில்தான் கேட்டிருக்கிறது? சனத்துக்குக் கேட்கிறது. சனம் கத்துவதுதான் அவர்களுக்குக் கேட்பதில்லை.

இனி மந்திரிசபை கூடும்போது முன்வரிசையில் ஒரு ரீற்றாவை இருத்திப் பாருங்கள்!