ஓடைக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் கவுன்சில் என்றால் குப்பை என்று அர்த்தம். குப்பை எடுக்க வராவிட்டால் அப்பா கவுன்சிலைத் திட்டுவார். வந்துவிட்டால், வந்த நேரம் சரியில்லை என்று திட்டுவார். காரை நிறுத்தியதற்குத் தண்டம் கேட்பதும், வீதியில் பள்ளம் விழுந்தால் பார்த்தும் பாராமல் இருப்பதும், நூலகத்தை நேரத்தோடு பூட்டிவிடுவதும் எல்லாம் அதே கவுன்சில்தான். லண்டனில் நோர்பரிப் பக்கம் வளர்ந்த எனக்குக் கடவுள் பலர், கவுன்சில் ஒன்று. ஆகையால் மாமி போய்க் குடியேறிய கிராமத்துக்கு மூன்று கவுன்சில்கள் என்று கேள்விப்பட்டதும் நான் மலைத்துப்போனேன். மூன்றையும் திட்டி முடிக்க மாமாவுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம்.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. நான் பிறந்த நாள் முதல் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர் வீட்டில் இடியப்பம் அவித்தால் இங்கே சம்பல் இடிபடும். எனக்கு மாமி என்றால் உயிர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது மாமா திடீரென்று, குரோய்டன் தாண்டித் தெற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிராமத்துக் கடையைக் குத்தகைக்கு எடுத்தார். லண்டனில் இல்லாத கடையா என்று அப்பா கேட்டார். லண்டனில் கடைக்குக் கடை போட்டி, அங்கே அந்த ஊருக்கே ஒரு கடை என்றார் மாமா. சாமான் ஏற்றிய அன்று குளிர்சாதனப் பெட்டியை வான் வண்டியில் தூக்கி வைத்ததும் அப்பாதான். வைத்துவிட்டு, வண்டி புறப்படும்வரைக்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

போன பிறகும் மாமி எங்களை விட்டுவிடவில்லை. கார் ஓட்டும் பரீட்சையில் அவர் தோற்றுப்போன கதை தனிக்கதை. மாமாவால் கடையை விட்டு அசைய ஏலாது. ஆனாலும் பஸ்ஸிலும் பிறகு ரெயினிலும் ஏறி, திகதி முடியப்போகும் பிஸ்கட் பெட்டிகளை ஒரு பை நிறையச் சுமந்துகொண்டு, ஓய்வு கிடைத்த நாளில் எங்கள் வாசலில் வந்து நிற்பார். அந்தப் பிஸ்கட்டுகளை அன்றைக்கே தின்று முடிக்கவேண்டும் என்பது சட்டம். நான் சட்டத்தை மதித்து நடந்தேன்.

இப்படி இருந்தபோதுதான் ஒருநாள் மாலை மாமி தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னார்:

“அண்ணை, என்னைப் பரிஷ் கவுன்சிலில எடுத்திருக்கினம்.”

சொல்லி முடிக்கவும் கடைக்கு ஆள் வந்துவிட்டது. பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டார். அப்பா தொலைபேசியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்.

பரிஷ் என்ற சொல்லை அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாதா கோவில் ஒன்று இருந்தது. அதன் வாசல் பலகையில் ஆங்கிலத்தில் பரிஷ் என்றும் தமிழில் பங்கு என்றும் எழுதியிருக்கும். அங்கிருந்த பாதிரியார் பங்குத்தந்தை. கோவில் காரியங்களைப் பார்க்கிறவர்கள் பங்குச் சபை. ஆக, சைவப் பிள்ளையான தன் தங்கை பங்குச் சபையில் இருக்கிறாள் என்றால், அதற்கு முன்னால் நடக்கவேண்டிய காரியம் நடந்து முடிந்திருக்கவேண்டும். ‘எடுத்திருக்கினம்’ என்று வேறு அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள்.

அம்மா நம்பவில்லை. ஆனால் மறுநாளே மாமி ஒரு படம் அனுப்பினார். மஞ்சள் மினுங்கல் சட்டை போட்டு, கையில் குப்பை பொறுக்கும் இடுக்கியோடு, ஏழெட்டு வெள்ளைக்காரர் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா படத்தை விரல்களால் விரித்து விரித்துப் பெரிதாக்கினார். மாமியின் தலைக்குமேல், மரங்களுக்குப் பின்னால், கூம்பு வைத்த ஒரு தேவாலயம் தெரிந்தது. இதுக்குமேல என்ன சாட்சி வேணும் என்று கேட்டுவிட்டுத் தேநீரையும் குடிக்காமல் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு மத வெறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய உயிர்ச் சிநேகிதர் ஒரு கத்தோலிக்கர். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த வீட்டுக் கேக்கில் பெரிய துண்டு அப்பாவுக்குத்தான். “ஆர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்டுமில்லை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் செய்தாளே” என்பதுதான் அவருடைய புலம்பல். மாமி எடுத்த அழைப்புகள் மணியடித்து ஓய்ந்தன. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயத்தில் எங்கள் குடும்பமும் சேருவது வழக்கம். ஐயர் எங்கள் குடும்பத்தார் எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வார். இந்த முறை மாமியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பெயரை எடுத்துவிட்டால் மாமி இனி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் அழுதேன். பிஸ்கட்டுக்காக அழுகிறேன் என்று அப்பா நினைத்தார். பிஸ்கட்டும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கடைசியில் அம்மாதான், எதுவென்றாலும் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்து பெயரை எடுங்கோ என்றார். அப்படியே ஒரு கோடைகாலப் பின்னேரம், யாருக்கும் சொல்லாமல், மூவரும் காரில் புறப்பட்டோம்.

அந்தப் பயணத்தில் நான்தான் வழிகாட்டி. பெருஞ்சாலையை விட்டு இறங்கியதும் அப்பாவின் தொலைபேசி வழி சொல்வதை நிறுத்திவிட்டது. வரைபடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு நான் ஒவ்வொரு பலகையாக வாசித்தேன். முதலில் கவுண்டி என்ற பெரும் பிரிவின் பெயரோடு ஒரு பெரிய பலகை. அது போய்க் கனநேரத்துக்குப் பிறகு அதற்குள் அடங்கிய டிஸ்ட்ரிக்டின் பெயரோடு ஒன்று. பிறகு இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து, எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போகவேண்டிய ஒடுங்கிய பாதை. அப்பா இரண்டு தரம் பின்னுக்குப் போனார். மூன்றாம் தரம் எதிரே வந்தது செம்மறிக் கூட்டம். இப்படியான இடத்தில் மனிசர் மதம் மாறாமல் என்ன செய்வார்கள் என்று அம்மா மெல்லச் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

கடையில் மாமா தனியே நின்றார். எங்களைக் கண்டு பதறி, ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார். மாமி எங்கே என்று அப்பா கேட்டதற்கு, ஊர் மண்டபத்தில் கூட்டம், யாரும் போய் இருந்து பார்க்கலாம் என்றார். அப்பா உடனே நடந்தார். ஒரு சிறு பாலத்தடியில் திரும்பினால் மண்டபம்.

உள்ளே ஒரு நீள மேசை. சுற்றி ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில், குளிர்ச்சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக மாமி இருந்தார். நெற்றியில் திருநீறு. அதைக் கண்டால் அப்பாவின் மனம் ஆறும் என்று நினைத்தேன். “திருநீறும் பூசிக்கொண்டு இதுக்குள்ள இருக்கிறாள்” என்று அவர் இன்னும் கொதித்தார். எங்களைக் கண்ட மாமிக்கு வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

மேசைத் தலைப்பில் இருந்தவர் உயரமான, மெலிந்த கிழவர். கறுப்புக் கம்பளிச் சட்டையின் கழுத்தில் வெள்ளைக் கொலர் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பொதுமக்கள் யாராவது ஏதும் கேட்க விரும்பினால் இப்போது கேட்கலாம் என்று அவர் சொன்னதும் அப்பா எழுந்தார். பொதுமக்கள் என்று அங்கே இருந்தது நாங்கள் மூவர்தான்.

“ஃபாதர்” என்று அப்பா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். “இவள் என் தங்கை. நாங்கள் இந்துக்கள். இவள் உங்கள் பரிஷில் இருக்க முடியாது.”

கிழவர் திகைக்கவில்லை. மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு அறிந்தேன். எதற்கும் திகைக்காத தொழில் அது. தனக்கு மூன்று மகள்மார் உண்டு என்றாலும் இந்த மண்டபத்தில் யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தடிக்கு அப்பாவைக் கூப்பிட்டார். நானும் ஓடிப்போனேன். வரைபடத்தில் வளைந்து வளைந்து ஒரு நீலக் கோடு போனது. அது நாங்கள் திரும்பிய பாலத்தடியில் ஓடிய ஓடை. அந்த ஓடைதான் பரிஷின் எல்லை என்றார் அவர். தன் விரலை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

“கடை ஓடைக்கு இந்தப் பக்கம். அதனால் உங்கள் தங்கை எங்கள் பரிஷில்தான் இருக்கிறார். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

அப்படியானால் தேவாலயம் எங்கே என்று அப்பா கேட்டார். கிழவர் விரலை நகர்த்தினார். தேவாலயம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது பக்கத்துப் பரிஷுக்குச் சொந்தம். அதனால்தான் தங்கள் பரிஷுக்குப் புல் வெட்டும் செலவு குறைவு என்று மேசையிலிருந்து ஓர் அம்மா சந்தோஷத்தோடு சொன்னார்.

அப்போதுதான் மாமிக்குக் காரியம் பிடிபட்டது. “அண்ணை, இது பங்கு இல்லை. எங்கட ஊர்ப் பிரதேச சபை மாதிரி, அதிலும் சின்னன்” என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. சபை மரியாதையாகக் காத்திருந்தது. அந்தப் பேச்சையும் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்று முடிவாயிற்று.

அப்பா வந்து கதிரையில் இருந்தார். உடனே எழுந்து போவது மரியாதையில்லை என்று மீதிக் கூட்டம் முழுவதும் இருந்தோம். மூன்று கவுன்சிலின் மர்மமும் அன்றுதான் எனக்கு விடிந்தது. குப்பையும் வீடு கட்ட அனுமதியும் டிஸ்ட்ரிக்டுக்கு. வீதியும் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் கவுண்டிக்கு. குளம், குளத்தடியில் குந்தியிருக்கும் வாங்கு, அறிவித்தல் பலகை, பஸ் தரிப்பிடத்துக் கூரை, இவ்வளவும் பரிஷுக்கு. அதாவது பஸ் பெரியவர்களுடையது, பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இடம் மட்டும் இவர்களுடையது. அன்றைய விடயமும் அதுதான். தரிப்பிடத்துக் கூரைக்குப் பச்சை வர்ணம் பூசுவதா மண்ணிறம் பூசுவதா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, கவுண்டி அந்த ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸை நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தது.

மாமி எழுந்தார். எங்கள் வீட்டில் பால் வாங்கி வரச் சொல்வதற்கே தயங்கும் மாமி, அந்தச் சபையில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். பஸ்ஸே வராத இடத்துக்கு எந்த நிறம் பூசினால் என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வயோதிபர்களைச் சொன்னார். நகரத்தில் படிக்கிற ஒரு பெண்ணைச் சொன்னார். எல்லாருமாகப் போய்க் கவுண்டியிடம் கேட்போம், ஒரு நாளாவது பஸ்ஸை விடட்டும் என்றார். கைகள் உயர்ந்தன. எண்ணாமலே தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கிராமத்து வயோதிபர்களில் மாமிக்கு இவ்வளவு பாசமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அன்று அங்கே பேசிய ஆங்கிலம் முழுவதும் எனக்கு விளங்கியது. விளங்காமல் போனது, கூட்டம் முடிந்து திரும்பும்போது பாலத்தடியில் அண்ணனும் தங்கையும் பேசிய தமிழ்தான்.

“பஸ் நிண்டு போச்சுதெண்டால் நீ என்னெண்டு அங்க வருவாய்?” என்று அப்பா கேட்டார்.

“அதுக்குத்தானே அண்ணை இதுக்குள்ள போய் இருக்கிறன்.”

அப்பா பாலத்துச் சுவரில் கைகளை வைத்துக்கொண்டு கனநேரம் ஓடைக்குள்ளே பார்த்தார். மீன் நிற்கிறதாக்கும் என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து, வா, முன்னுக்கு நடப்பம் என்று இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வருட உபயத்தில் மாமியின் பெயரும் நட்சத்திரமும் வழக்கம்போலச் சொல்லப்பட்டன. மாமா கடையைப் பூட்டிவிட்டு மாமியைக் கூட்டி வந்திருந்தார். பரிஷ் கவுன்சிலர் என்று அம்மா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் மாமியை அறிமுகப்படுத்த, கேட்டவர்களில் பாதிப் பேர் முகம் மாறி மாமியின் நெற்றியைப் பார்த்தார்கள். ஓடையின் கதையைச் சொல்லி விளங்கப்படுத்துவது அப்பாவின் வேலையாயிற்று. அதை அவர் சலிக்காமல் செய்தார்.

கவுண்டி பஸ்ஸை முற்றாக நிறுத்தவில்லை. வியாழக்கிழமை மட்டும் ஓடும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அப்பா கிடங்கில் பேசி, ஞாயிறு லீவை வியாழனுக்கு மாற்றிக்கொண்டார். எனக்குப் பெரிய கோபம். ஞாயிற்றுக்கிழமைதான் அவர் என்னை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் நாள். ஏன் மாற்றினீர்கள் என்று சண்டை பிடித்தேன். வியாழக்கிழமை கடைகளில சனம் குறைவு என்றார். நானும் நம்பினேன்.

வியாழன்களில் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வாசலில் மாமியின் சப்பாத்து இருக்கும். மேசையில் பிஸ்கட் இருக்கும். காலையில் அப்பா முகம் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, மழையென்றாலும் குடையோடு நோர்பரி ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மாமியைக் கூட்டிவந்திருப்பார். அந்தத் தெருக்களில் மாமி எத்தனை வருடம் நடந்தவர். அப்படிப்பட்டவரைக் கூட்டி வர ஒரு ஆள் எதற்கு என்று எனக்குப் பிடிபடவேயில்லை. நாட்டுப்புறத்தில் போய் இருந்தால் ஆட்கள் வழியை மறந்துவிடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.