அரக்குச் சேலையும் ஸ்டெல்லாவின் பையும்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் அச்சகம் வைத்திருந்தேன். புதிதாகக் கலர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கியிருந்த நேரம். ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அடித்தபோது, திரையில் அரக்காகத் தெரியும் சேலை, தாளில் செங்கல் நிறத்தில் வந்தது. கடை முதலாளி படத்தைத் தூக்கிப் போட்டார்.

"இதா எங்க சேல? சொல்லும்வே. இன்னொரு தடவ இப்படி வந்தா வேற எடம் பாத்துக்கிடுதேன்."

அதே நாட்களில் மை சீக்கிரம் தீர்ந்தது, தாளும் குறைந்தது. பிரிண்டரைத் தொடுபவள் உவரியிலிருந்து வேலைக்கு வந்த ஸ்டெல்லா மட்டும்தான். வெளியே யாருக்கோ அச்சடித்துக் கொடுக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு மதியம் அவள் கை கழுவப் போனதும் அவளுடைய பையைத் திறந்தேன். உள்ளே சேலையின் மாதிரித் துணியும் ஒரு கட்டுத் தாள்களும் இருந்தன. எல்லாத் தாளிலும் அதே சேலைப் படம், கீழே சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள். ஓரத்தில் பென்சிலால், 'மஞ்சள் நாலு குறைத்தது. சிவப்பு இன்னும் தூக்கல்' என்று எழுதியிருந்தாள்.

நிமிர்ந்தால், வாசலில் நிற்கிறாள்.

"வெயில்ல துணியோட வச்சுப் பாக்கத்தான் கொண்டு போனேன் அண்ணாச்சி. சரியா வந்த பொறவு சொல்லலாம்னு இருந்தேன். கேட்டிருந்தா நானே காட்டிருப்பேனே."

துணியையும் தாள்களையும் அவளிடமே நீட்டினேன். அவள் உட்கார்ந்து, குறித்து வைத்திருந்தபடி நிற அளவுகளை மாற்றி அச்சடித்தாள். தாள்மேல் துணியை வைத்தோம். வித்தியாசமே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றாள். ஆனால் மறுநாள் முதல் தன் பையை மூடாமல் திறந்தே என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.