நாலாம் வருடத் தரிசு

ஜெர்மனியில், மெக்லென்பர்க்கின் அந்தச் சிற்றூரில் நிலம் வாங்கிக் குடியேறிய குடும்பங்களுக்குள் ஹார்ட்விக்கின் பேச்சுக்குத்தான் மதிப்பு. மருந்தடிக்காத மண், கலப்பில்லாத விதை, கலப்பில்லாத இனம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். பெண்களை ஆபீசுக்கு அனுப்பியவர்களும் வயலில் விஷம் தெளித்தவர்களும் ஒரே கூட்டம் என்பார். அயல்நாட்டுச் செடி இங்கே வேர் பிடிக்கக் கூடாது என்பார். அவர் வயலில் விளைவது உருளைக்கிழங்கு. அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மனைவி வீப்கேவுக்கு ஐந்து பிள்ளைகள். களை பறிப்பதும் பால் கறப்பதும், பள்ளிக்கூடத்துக்குக் கேக் சுட்டுக்கொண்டு போய் ஊராரிடம் நல்ல பெயர் வாங்குவதும் அவள் வேலை. மண்ணின் மகிமையைப் பற்றி எழுதுவது அவர் வேலை. கடைசிப் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் அம்மாள் சொல்லிவிட்டாள். கருத்தடை பூச்சிமருந்துக்குச் சமம் என்றார் ஹார்ட்விக். ஆறாவதற்குப் பெயர் தேட ஆரம்பித்தார்.

கோடைத் திருநாளுக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் சூப் ஊற்றினார்கள். ஹார்ட்விக் பேசினார்.

"மூணு வருஷம் விளைஞ்ச நிலத்த நாலாம் வருஷம் தரிசாப் போட்டுருவேன். அதுக்கு வாயில்ல. களைச்சுப் போச்சுன்னு நாமதான் புரிஞ்சுக்கணும்."

"எனக்கு வாய் இருக்குங்க," என்றாள் வீப்கே, கரண்டியோடு. "நானும் களைச்சுப் போயிட்டேன். சொல்லியும் இருக்கேன்."

பக்கத்திலிருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. விருந்தாளிங்க இருக்காங்க."

ஹார்ட்விக் கோபப்படவில்லை. "ஒரு வயல் தூங்கினா இன்னொரு வயல் விளையும். உனக்குப் பதிலா யாரு இருக்கா? இந்த இனமே உன்ன நம்பித்தான் இருக்கு."

புகழ்ந்துதான் சொன்னார். விருந்தாளிகளுக்குக் கண் கலங்கியது. ஒருவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீப்கேவின் கையை யாரும் பிடிக்கவில்லை, அதில் சூப் பாத்திரம் இருந்தது. அவள் மிச்சமிருந்தவர்களுக்கும் ஊற்றி முடித்தாள்.

திங்கட்கிழமை ஜாம் பாட்டிலுக்கு மூடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். டாக்டர் அம்மாள் செப்புக் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திவிட்டு, கையுறையைக் கழற்றினாள்.

"அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல."

வீப்கே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க, டாக்டர்," என்றாள்.