சும்மா வந்த மென்பொருளும் ஜன்னலோர அலமாரியும்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. வரி கோணலாகப் போகும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்துவிடுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு நாக்கு எழாது. தாளைப் பார்த்துச் சொல்வது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு குடும்பத்து டிரஸ்ட் நடத்துகிற நூலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. போன வருஷம் கடையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண்ணை நூலகராகப் போட்டார்கள். தற்காலிக வேலைதான். டிரஸ்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி அவளிடம், புத்தகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். அவளும் எங்கிருந்தோ ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து ஏற்றினாள்.

“என்ன விலைம்மா இது?” என்று கேட்டேன்.

“சும்மாதான் ஆச்சி. பல தேசத்து நூலகக்காரங்க சேர்ந்து செஞ்சு வச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்.”

சும்மா என்ற சொல்லே எனக்கு ஆகாது. சீசன் நேரத்தில் ஐந்தருவிப் பக்கம் சிலபேர், “வாங்க, சும்மா கொண்டு விடுதேன்” என்று வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் ஏற்றுவார்கள். ஆட்டோ அருவிக்குப் போகாது, சிப்ஸ் கடை வாசலில் போய் நிற்கும். சும்மா கொடுக்கிறவன் ஒரு கையை நீட்டினால் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

“உள்ள எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு யாரும் திறந்து பாக்கலாம் ஆச்சி. ஒளிவு மறைவே கிடையாது.”

“அப்ப கள்ளனும் பாப்பானே?”

“கள்ளன் மட்டும் பாத்தாத்தான் பயம். ஊரே பாத்துக்கிட்டிருந்தா ஓட்டை எங்கன இருக்குன்னு யாராவது சொல்லிருவாங்கல்லா.”

நான் நம்பவில்லை. எனக்கும் ஓர் உறுப்பினர் அட்டை போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். என் பேர் எந்த தேசத்துக்குப் போய்ச் சேருமோ? புத்தகத்து எண்ணைப் படிக்கச் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற அந்த ஸ்கேனரை, அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் துண்டைப் போட்டு மூடி வைப்பேன்.

மேற்கு ஜன்னலோரம் ஓர் அலமாரி உண்டு. அதில் இருப்பதெல்லாம் பல வீடுகளிலிருந்து தானமாக வந்த புத்தகங்கள். அவற்றுக்குப் பழைய எண் கிடையாது. அதனால் அந்தப் பெண் அவை நின்ற வரிசையிலேயே, இடமிருந்து வலமாக, பேரைத் தட்டச்சு செய்து புது எண் கொடுத்தாள். எண் போட்ட ஸ்டிக்கர்களைத் திருநெல்வேலியில் அச்சடித்து வாங்க ஒரு வாரம் ஆனது. வந்ததும் என்னிடம் தந்தாள். மறுநாள் தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது அவளுக்கு.

“இடமிருந்து வலமா, வரிசை மாறாம ஒட்டுங்க ஆச்சி. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்.”

ஒன்றுகூடக் கோணாமல் ஒட்டினேன். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கூட விட்டேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி பார்க்க வந்தார். நேரே ஜன்னலோர அலமாரிக்குப் போய், தென்னை நோய் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தார். அவருக்குத் தோப்பு இருக்கிறது. அந்தப் பெண் ஸ்கேனரைக் காட்டினாள். கீச்சென்று சத்தம் வந்தது. திரையில் பேறுகால வைத்தியப் புத்தகத்தின் பேர் நின்றது.

“எந்தோப்புல இனிமே தென்னைக்குப் பிரசவம் பாக்கணுமோ?” என்றார் அண்ணாச்சி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று புத்தகம் எடுத்தார். மூன்றும் தப்பு.

“சும்மா கெடச்ச சாமான் லட்சணம் இதான். திங்கக்கிழமை கம்பெனிக்காரரு ஒருத்தர் வாராரு. சாமானும் ஆளும் அவரே தருவாராம். நீ இனி கடையத்துலருந்து அலைய வேண்டாம்மா.”

அவள் ஸ்கேனரை மேஜைமேல் வைத்தாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி, அப்பவே நினைத்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

சனிக்கிழமை அவள் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தென்னைப் புத்தகம் மேஜைமேல் கிடந்தது. பேறுகாலப் புத்தகம் எனக்குத் தெரியும், அட்டை கிழிந்து நான்தான் கோந்து போட்டு ஒட்டினேன். அதை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

“இதையும் ஒருக்கா காட்டும்மா.”

காட்டினாள். திரையில் தென்னைப் புத்தகம்.

ஒன்றின் பேர் இன்னொன்றுக்கும், அதன் பேர் இதற்குமாக மாறி நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே அடுக்கில், ஒன்று தலைமாட்டிலும் ஒன்று கால்மாட்டிலுமாக எங்கேயோ பார்த்திருக்கிறேனே? அப்போதுதான் உறைத்தது.

சாரல் பிடித்தால் மேற்கு ஜன்னல் வழியே ஈரம் இறங்கும். வருஷா வருஷம் அந்த அலமாரியைக் காலி பண்ணித் துடைப்பது என் வழக்கம். பத்துப் பத்தாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக பெஞ்சில் அடுக்குவேன். தட்டைத் துடைத்து, பூச்சி வராமல் வசம்புத் தூள் தூவி, அடுக்கின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடப்பக்கத்திலிருந்து திரும்ப வைப்பேன். கடைசியாக எடுத்தது முதலாவதாகப் போய் நிற்கும். எந்த அலமாரி என்று தெரிந்தால் போதும், உள்ளே வரிசையை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. ஸ்டிக்கர் அச்சாகிவர ஒரு வாரம் ஆனது என்றேனே, அந்த வாரம்தான் துடைத்தேன்.

இதை அவளிடம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“ஏன் ஆச்சி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“புத்தகம் துடைச்சதையெல்லாமா சொல்லுவாக எம்மா?”

உடனே எல்லா ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டலாம் என்று எழுந்தாள். நான் தடுத்தேன். “இப்ப மாத்துனா, திருட்டுத்தனமா மறைச்சிட்டோம்னு சொல்லுவாரு. அப்படியே இருக்கட்டும்.” ஆட்களைச் சந்தேகப்படுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

திங்கட்கிழமை அண்ணாச்சியும் கம்பெனிக்காரரும் வந்தார்கள். இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு அலமாரியைப் பார்த்தபடியே, நான் துடைத்து வரிசை மாறினதைச் சொல்லிவிட்டேன். என் வேலையும் சேர்ந்து போகும் என்று தெரிந்தேதான்.

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “இது நீ சொல்லிக்குடுத்த பாடமா?”

“அண்ணாச்சி, நீங்களே ஒரு புத்தகம் எடுங்க. அது என்ன பேரைக் காட்டும்னு முன்னாலயே சொல்லுதேன்” என்றேன் நான்.

அவர் ஒரு வரைபடப் புத்தகத்தை உருவினார். நான் விரல் விட்டு எண்ணினேன். அந்தப் பத்தில் அது மூன்றாவது. அப்படியானால் எட்டாவது நிற்கிறதன் பேர் வர வேண்டும். “தேனீ வளர்ப்பு” என்றேன். கீச்சென்றது. தேனீதான் வந்தது. இன்னும் நாலு எடுத்தார். நாலும் நான் சொன்னபடியே.

அண்ணாச்சி கம்பெனிக்காரரிடம், “இப்படிப் பிசகினா உம்ம சாமானை எங்க ஆளே தொறந்து பாக்கலாமா?” என்று கேட்டார்.

“அது முடியாது அண்ணாச்சி. போன் போட்டா ஆளு அனுப்புவோம்.”

“என்னைக்கு?” என்றார். கம்பெனிக்காரர் டைரியை எடுத்துப் புரட்டினார்.

அதற்காக அண்ணாச்சி எங்களை நம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். “மாத்தி ஒட்டுங்க. மாசக் கடைசியில நானே வந்து பாப்பேன். ஒண்ணு தப்புன்னாலும் ரெண்டு பேரும் கெளம்பிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அந்த மென்பொருள்மேல் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. துண்டு மட்டும் இப்போது போடுவதில்லை.

மாற்றி ஒட்டியாகிவிட்டது. மேல் தட்டுகளைப் பேரோடு ஒப்பிட்டு அவளும் நானும் பார்த்துவிட்டோம். அடித்தட்டின் கடைசி அடுக்கில்தான் எனக்குச் சந்தேகம். அவள் பேர் ஏற்றின பிறகு, அந்த வாரச் சாரலில் ஈரம் பட்டு அட்டையும் முதல் பக்கமும் போன புத்தகங்கள் அவை, இப்போது பார்த்தால் பேரே தெரியாது. அந்த அடுக்கைப் பத்து என்று எண்ணித்தான் மாற்றினோம். ஒன்றை அன்றைக்கு வெயிலில் தனியாகக் காயவைத்ததாக இப்போது நினைவு வருகிறது. அப்படியானால் அந்த அடுக்கில் ஒன்பதுதான் இருந்திருக்கும், எங்கள் கணக்கு அங்கே தப்பு. நூலகத்துக்கு வருகிறவர்களில் அந்தப் புத்தகங்களை முன்பு வாசித்தவர்கள் யாராவது இருந்தால், மாசம் முடிவதற்குள் அந்த ஓர் அடுக்கை மட்டும் எடுத்து, உள்ளே வாசித்து, பேர் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.