ஈரம் காட்டாத கொழுந்து

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு நான் கைபேசிச் செயலி எழுதினேன். வாட்டப் போட்ட கொழுந்தின் ஈரப்பதத்தை ஒரு கருவி அளக்கும். அதைச் செயலி காட்ட வேண்டும். கணக்கைச் செய்வது சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. கருவிக்காரர்கள் மூல நிரலைத் தரவில்லை. இயந்திர மொழிக்கு மாற்றிய கோப்பும், அதை எப்படி அழைப்பது என்ற விளக்கத் தாளும்தான் கிடைத்தன.

பிலிமத்தலாவையில், வீட்டு மேல்மாடியில் இருந்து மூன்று நாளில் இணைத்துவிட்டேன். செயலி ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. பெருமையாகத்தான் தொழிற்சாலைக்குப் போனேன்.

தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் கைபேசியைப் பார்த்தார். பூச்சியம். கருவியைக் கொழுந்து வாட்டும் அடுத்த தொட்டியில் வைத்தோம். அங்கேயும் பூச்சியம்.

"காலையில மழைக்குள்ள பறிச்ச கொழுந்து மிஸ். ஈரமே இல்லைன்னு சொல்லுது. அப்படியே பாக்கெட்ல போட்டு கடைக்கு அனுப்பிறலாமா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த லைப்ரரியை எழுதிய யாழ்ப்பாணத்துக்காரரை உடனே போனில் பிடித்தேன்.

"உங்கட லைப்ரரி பிழையாத் தருது. சோதிச்சுப் பாத்திட்டுத் தந்திருக்கலாமே."

"ஓம், இருக்கலாம் மிஸ்," என்றார் அவர் அமைதியாக. "நீங்கள் அதைக் கூப்பிடுற வரியை ஒருக்கா அனுப்புங்கோ."

அனுப்புவதற்காக வரியைத் தேடி எடுத்தபோதே கண்ணில் பட்டது. லைப்ரரி விடையைத் தருவது நான்கு பைட் அளவுள்ள தசம எண்ணாக. நான் எட்டு பைட் என்று அறிவித்திருந்தேன்; அப்படி வாசித்ததால்தான் பூச்சியம். தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான்தான் அவசரத்தில் பார்க்கவில்லை. இயந்திர மொழிக் கோப்பு நம்மைத் திருத்தாது. நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

"பிழை என்ட. உங்களுக்குச் சும்மா ஏசிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் சிரித்தார். "உதே பிழையை நானும் விட்டனான் மிஸ். ஒரு கிழமை தேடினனான். நீங்கள் கெதியாப் பிடிச்சிட்டியள்."

ஒரே ஒரு சொல்லை மாற்றி, மடிக்கணினியிலிருந்து செயலியை மறுபடி கைபேசியில் ஏற்றினேன். எழுபத்தாறு சதவீதம் என்று வந்தது. டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கசக்கினார், முகர்ந்தார்.

"ஆமா மிஸ், அவ்வளவு இருக்கும்."

பிறகு கருவியை அவரே தூக்கிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார். கைபேசியோடு நான் பின்னால் போனேன்.