சாரலை நம்பி நட்ட மரங்கள்

மம்பட்டி காய்ந்த மண்ணில் விழுந்தால் ‘ணங்’கென்று கேட்கும். யார் எங்கே குழி தோண்டினாலும் அந்தச் சத்தம் என்னை இழுத்துக்கொண்டுபோய் எங்கள் தெருமுனைப் பூங்காவில் நிறுத்திவிடுகிறது.

பூங்கா என்பது மனை வரைபடத்தில் மட்டும் இருந்த சொல். தரையில் இருந்தது சீமைக்கருவேலமும் உடைந்த டியூப்லைட்டும் தென்காசி முழுக்கத் தின்று வீசிய பிளாஸ்டிக் பைகளும். நகராட்சி அங்கே குப்பை பிரிக்கும் கொட்டகை போட இருந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அக்காவுக்கு வாசலைத் திறந்தால் கொட்டகைதான். தெருக்காரர்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். “ஐப்பசி வரைக்கும் பாக்கேன். மரம் பிடிச்சா பூங்கா, இல்லன்னா கொட்டகை” என்று வார்டு உறுப்பினர் முடித்துவிட்டார்.

முள்ளை வெட்டினோம், குப்பையை அள்ளினோம். ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய வாரம் புங்கையும் நாவலும் மகிழமும் நட்டோம். சாரல் அடிக்கும் ஊரில் வாளி தூக்குகிறவன் உண்டா? வானமே குழாய் திறந்து வைத்திருக்கிறது என்று கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆடியில் இலைகள் தொங்கின, மஞ்சளாயின. எந்நேரமும் நசநசப்பு, ஆனாலும் கன்றுகள் சாகின்றன.

“அழுகுது வே. தண்ணி கூடிப்போச்சு” என்றார் பக்கத்து வீட்டு பாய். துபாயிலிருந்து லீவில் வந்தவர். “அங்கன மணல்ல மரம் வளக்கான். இங்கன தண்ணியில மூச்சுமுட்டிச் சாவுது.”

சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. தண்ணீரை வடியவிட வாய்க்கால் வெட்டுவது என்று முடிவானது. தலையில் சாரல், முதுகில் ஒட்டிய சட்டை. பாய் மம்பட்டியை ஓங்கிப் போட்டார்.

ணங்.

ஒரு விரற்கடைக்குக் கீழே மண் மாவாக உதிர்ந்தது, காற்றில் புழுதி பறந்தது. சாரல் காற்றோடு வந்து இலையை நனைத்து, எங்களை நனைத்து, வேர்ப்பக்கம் திரும்பியும் பாராமல் போயிருக்கிறது. பல வருஷமாக நனைந்தும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

கழுத்தில் டேப்போடு நின்ற அக்கா சிரித்தாள். “நல்லா வெட்டுங்க. புழுதியெல்லாம் வடிஞ்சு ஓடட்டும்.”

சிரித்து முடித்தபிறகுதான் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்தோம். குழாயில் வருவது வீட்டுக்கே காணாது. பாய் பின்தெருப் பள்ளிவாசலைப் பார்த்தபடி நின்றார். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர், சோப்பு படாதது, அப்படியே சாக்கடைக்குப் போகிறது. ஜமாஅத்தில் போய்க் கேட்டார். “குழாய் நீங்க போட்டா, தண்ணி நாங்க தாரோம்” என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கடை ஓரமாகவே குழாய் பதித்தோம்.

“அஞ்சு நேரமும் தண்ணியாம்! எங்க வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. பேசாம நானும் ஒரு ஓரத்துல முளைச்சிருதேன்” என்றாள் அக்கா.

சில கன்றுகள் போய்விட்டன. அந்தக் குழிகளில் வேறு நட்டோம். மற்றவை எழுந்தன. சாரல் ஓய்ந்து வெயில் சுட்ட நாட்களில்தான் நாவல் செம்புநிறத் தளிர் விட்டது. அன்றிலிருந்து எனக்குப் பயமில்லை. வேர் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் மரம் யாருடைய தயவையும் பார்ப்பதில்லை.

புரட்டாசியில் வார்டு உறுப்பினர் வந்தார். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார், ஒரு புங்கையை ஆட்டியும் பார்த்தார். அடி அசையவில்லை. “கொட்டகைய வேற எடத்துல பாத்துக்கிடுதோம். நீங்க போர்டு எழுதி வைங்க” என்றார்.

மறுநாள் பாய் துபாய்க்குக் கிளம்பினார். பெட்டிகளை ஏற்றிய கார் பூங்கா முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“அடுத்த லீவுக்கு வந்து நாவ மரத்து நெழல்லதான் நிப்பேன், பாருங்க.”

அக்கா விடவில்லை. “நிக்கதுக்கெல்லாம் காணாது பாய். இடுப்பளவுதான் வந்திருக்கும். உக்காந்துக்கிடுங்க.”