சாமிக்கு வெளியே போக அனுமதி இல்லை

மியூசியத்துல காவல் வேலைன்னா சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறதுன்னு நினைக்கிறாங்க. அது வர்றவங்க எல்லாருக்கும் வேண்டாதவளா ஆகுற வேலை. ரேஷன் கடையிலயோ ஆஸ்பத்திரி வாசல்லயோ "கூடாது, முடியாது" சொல்லியே பொழப்பு நடத்துற உங்களுக்கு என் பாடு புரியும். அதுலயும் நான் நாலு பேரு பார்த்தா முந்தானையைத் திருகுற ஆளு. எட்டாவதோட படிப்பு நின்னுச்சு. பிள்ளை பால்வாடிக்குப் போனதும் போடியில இந்தச் சின்ன மியூசியத்துல சேர்ந்தேன்.

குங்குமம்

மழையில சோலி இல்லாம, ஏலத்தோட்டத்துப் பொம்பளைங்க ஜீப்புல இருந்து இறங்கி நேரா உள்ள வந்தாங்க. வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டாங்க. நடு ஹால்ல புலியைக் குத்துற வீரன் நடுகல் ஒண்ணு இருக்கு. ஒருத்தி அதுக்குக் குங்குமம் வைக்கப் போனா. தொடக் கூடாது, சட்டம் இருக்குன்னு எங்க ஆபீசர் மேடம் சொல்லித் தந்ததெல்லாம் வாயில வரலை. கையை மட்டும் குறுக்க நீட்டுனேன். அவ குங்குமத்தை என் நெத்தியில வச்சுட்டுச் சொன்னா: "சாமிக்கு வேண்டாம்னா காவக்காரிக்காச்சும் இருக்கட்டும், ஆத்தா."

கொடுத்தவரே கேட்டார்

அந்தக் கல்லு ராசிங்காபுரத்துப் பெருமாளண்ணன் தோட்டத்துல, கிணறு தூர் வாரையில கிடைச்சது. மண்ணுக்குள்ள கிடைக்கிற பழம்பொருளை மறைக்கக் கூடாதுன்னு அவரே போயி அதிகாரிகளுக்குச் சொல்லி ஒப்படைச்சாரு. கல்லு கிடைச்சதுல இருந்து கிணத்துல தண்ணி வத்தலையாம்; அதனால அதுதான் அவங்க குடும்பத்துக்குச் சாமி. இப்ப மகளுக்குப் பரிசம். ஒரு நாளைக்கு மட்டும் கல்லை டிராக்டர்ல ஏத்திட்டுப் போறேன்னு வந்து நின்னாரு.

மேடம் பொறுமையா விளக்குனாங்க. மியூசியத்துல பதிவான பொருள் நாட்டோட சொத்து. விக்க முடியாது, திருப்பிக் கொடுக்க முடியாது, இன்னொரு ஊரு கண்காட்சிக்குப் போகணும்னாக்கூட மேல இருந்து அனுமதி வரணும். அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாப்பிள்ளை வீடு குரங்கணியில காப்பித் தோட்டக்காரங்க. சாமியைக் கைவிட்ட வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டுருச்சாம். எழுந்திரிச்சுப் போகையில சொன்னாரு: "கேட்காமலே கொடுத்தவன் நான், கேட்டும் தர மாட்டேங்குதே தாயி, ஒங்க சட்டம்."

சட்டத்துல இல்லாதது

மறுநாள் மேடம் அவரைக் கூப்பிட்டு அனுப்புனாங்க. கல்லு வெளிய போகக் கூடாதுன்னுதான் விதி. ஆளுக உள்ள வரக் கூடாதுன்னு இல்லை. சூடம், எண்ணெய், மஞ்சத்தண்ணி இல்லாம, தள்ளி நின்னு இங்கயே தட்டு மாத்திக்கலாம்னு சொன்னாங்க. நம்ம ஹால்ல பரிசம்! அண்ணன் அன்னைக்கே மேளக்காரரையும் கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டுனாரு. மேளக்காரரு சுவரைத் தட்டிப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டாரு: "கொட்டு மேளத்தைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் எழுதலையே?"

எண்ணெய்க் கிண்ணம்

பரிசத்தன்னைக்குக் குரங்கணியில இருந்து ஜீப்பு ஜீப்பா வந்து இறங்குனாங்க. மல்லிகைப்பூ வாசத்துல மியூசியமே மண்டபமாயிருச்சு. மேடம் வாசல்ல கூட்டத்தை வரிசைப்படுத்திக்கிட்டு இருக்கையில, மாப்பிள்ளையோட அம்மா முந்தானைக்குள்ள இருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துச்சு. நேரா கல்லைப் பார்த்து நடக்குது. பெருமாளண்ணன் தடுக்கவும் முடியாம, பார்க்கவும் முடியாம நிக்கிறாரு.

நான் ஓடிப்போயி கல்லுக்கு முன்னால நின்னுட்டேன். "ஊத்தாதீங்கம்மா. இது எல்லாருக்கும் பொதுச் சொத்து. நீங்க இல்லை, மந்திரியே வந்தாலும் விட மாட்டேன்." மேளம் நின்னுருச்சு. இம்புட்டுச் சத்தம் எனக்குள்ள எங்க இருந்துச்சோ. என்னால ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுருமேன்னு பயம் வேற. அந்தம்மா என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துச்சு. கிண்ணத்தைப் புருசன் கையில கொடுத்துட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுச்சு: "சாமியைக் கைவிட்டாங்கன்னு யாரு சொன்னது? எங்க வீட்டுச் சாமிக்கு இப்படிக் காவலுக்கு ஒருத்தி இல்லையே."

சட்டப்படி உள்ள வந்த கல்லுதான் வெளிய போகக் கூடாது. தட்டு மாத்தி முடிஞ்ச பிறகும், நான் கதவைச் சாத்துற வரைக்கும் அந்தக் கூட்டமும் வெளிய போகவே இல்லை.